ஒரு கைப்பிடி முந்திரித் தோல்

பினாங்குக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் தைப்பிங்கில் மழை பெய்யாத நாளைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். எங்கள் ஊர் மாடுகள் வருஷம் முழுக்கப் பச்சைப் புல்லில் நிற்கின்றன. அப்படியும் பால்காரர்கள் என் கடைக்கு வந்தால் புண்ணாக்கு விலையைச் சொல்லிப் புலம்பாமல் போவதில்லை. அவர்களுக்குத் தவிடும் புண்ணாக்கும் விற்றுத்தான் நான் பிழைக்கிறேன். ஆகவே, கடலூரில் இருக்கும் என் தங்கை புருஷன் ஜப்பார், “இங்கே முந்திரித் தோலைப் போட்டே மாட்டைத் தேற்றுகிறார்கள், வந்து பாருங்கள்” என்று எங்கள் ஊருக்கு வந்த ஆளிடம் சொல்லி அனுப்பியதும் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. கப்பல் ஏறிவிட்டேன். கப்பலில் பட்ட பாட்டைச் சொல்லப் போவதில்லை. கப்பல் ஏறிய எல்லோரும் அதைச் சொல்லிச் சொல்லிக் கேட்பவர்களுக்கே வாந்தி வந்துவிட்டது.

கடலூர் முதுநகரில் ரயிலை விட்டு இறங்கி ஒரு குதிரை வண்டி பிடித்தேன். பெட்டியை ஏற்றும்போதே வண்டிக்காரர், “பாலம் வந்தா எறங்கிக்கணும் பாய், இப்பவே சொல்லிடுறேன்” என்றார். ஏன் என்று கேட்டேன். குதிரையைக் காட்டினார். விலா எலும்பு ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தது. உப்பனாற்றுப் பாலத்தில் நான் இறங்கி நடந்தேன், அவரும் இறங்கி நடந்தார், என் பெட்டி மட்டும் மாப்பிள்ளை மாதிரி வண்டியில் உட்கார்ந்து வந்தது. வாடகையை மட்டும் முழுசாக வாங்கிக்கொண்டார். கோபப்படலாம் என்றுதான் நினைத்தேன். குதிரை என்னைத் திரும்பிப் பார்த்தது. பேசாமல் கொடுத்துவிட்டேன்.

தங்கை வீட்டில் சங்கரா மீன் குழம்பு. அந்தக் குழம்புக்காக இன்னொரு தரம் கப்பல் ஏறலாம். ஆனால் சோறு தட்டில் அளவாகத்தான் விழுந்தது. இரண்டாம் தரம் கேட்க வாயெடுத்தேன், தங்கை சட்டியின் மூடியை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்ததைப் பார்த்ததும் மூடிக்கொண்டேன். மழை இரண்டு வருஷமாக ஏமாற்றிவிட்டது. அரிசிக் கடையில் வரிசை. எங்கள் ஊரில் மழைக்குப் பயந்து குடை வைத்திருக்கிறோம், இங்கே வெயிலுக்குப் பயந்து வைத்திருக்கிறார்கள்.

ஜப்பார் முந்திரி வியாபாரி. காடாம்புலியூரில் கொட்டையை வாங்கி, அங்கேயே ஒரு கொட்டகையில் வறுத்து உடைக்கிறார். சாப்பிட்டு எழுந்த கையோடு ஒரு கோணியை அவிழ்த்துக் காட்டினார். உள்ளே சிவப்பாக, காய்ந்த வெங்காயச் சருகு மாதிரி ஒன்று. கொட்டையின் ஓடு அல்ல. ஓட்டில் இருக்கும் எண்ணெய் கையைப் பொத்தலாக்கிவிடும். இது பருப்பின் மேல் ஒட்டியிருக்கும் மெல்லிய தோல், பருப்பை வெள்ளையாக்கச் சுரண்டி எறிவது. நாக்கில் ஒரு சிட்டிகை வைத்தேன். வாய் முழுவதும் இழுத்துச் சுருக்கியது. கடுக்காயைக் கடித்தால் வருமே, அந்தத் துவர்ப்பு.

“மச்சான், இது குப்ப. மாட்டுத் தோல் பதப்படுத்துற ஷாப்புக்காரங்க ஆவாரம்பட்டையோட சேத்து ஊற வைக்க எப்பவாவது வாங்குவாங்க. இப்ப மாட்டுக்கு ஆவுதுன்னு கண்டுபுடிச்சாச்சு. குப்பைக்கு வெல வந்தா அது அல்லா குடுத்த பரக்கத்து இல்லியா?” என்றார் ஜப்பார்.

“மாட்டுக்கு ஆகிறது என்று யார் கண்டுபிடித்தது?”

“நாளைக்கி வந்து அந்தம்மாகிட்டயே கேளுங்க.”

மறுநாள் காடாம்புலியூர். செம்மண்ணும் முந்திரிக் காடும். ஒரு மரத்தடியில் மஞ்சளாகப் பழுத்து விழுந்திருந்த முந்திரிப் பழத்தை எடுத்துக் கடித்தேன். முதலில் இனித்தது, உடனே தொண்டையைப் பிடித்தது. இருமி இருமிக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கொட்டகையில் இருந்த பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள். “உப்பு தொட்டு சாப்புடணும் பாய்” என்று ஒருத்தி உப்புக் கல் கொண்டுவந்து கொடுத்தாள். அவள்தான் அஞ்சலை. கொட்டை உடைத்து உடைத்து விரல் நுனிகள் தார் பூசின மாதிரி கருத்திருந்தன.

அஞ்சலை தோல் சுரண்டும் வேலையை நிறுத்தாமலே சொன்னாள். “என் தங்கச்சி கமலம் செதம்பரத்துல இருக்குது பாய். பயிர் வச்ச கொல்லையெல்லாம் காஞ்சிபூடுச்சி. அவ வூட்டுக்காரரு உழவு மாட்ட வித்துட்டுத்தான் இந்தப் பசுவ வாங்குனாரு. இப்ப அவுரு நெய்வேலி பக்கம் மண்ணு வெட்டப் போறாரு, சனிக்கெழமதான் வூட்டுக்கு வர்றது. அந்த மாடு கறக்குறதுலதான் புள்ளைங்க கஞ்சி குடிக்குது. அது திடீர்னு தண்ணியா கழிய ஆரம்பிச்சுடுச்சு. கூரையப் பிரிச்சி அந்த வைக்கோலப் போட்டா வேற என்னா ஆவும். நாந்தான், எங்க ஆட்டுக்கு இத ஒரு சிட்டிக போடுவோம், நீ ஒரு கை போட்டுப் பாரேன்னு குடுத்தனுப்புனேன். நாலே நாள்ல நின்னுடுச்சு. பாலும் நல்லா கெட்டியா வருதுன்னா. அப்பறம் ஒரு கோணி அனுப்புனேன்.”

ஜப்பார் என்னை ஒரு வெற்றிப் பார்வை பார்த்தார். நான் சிதம்பரம் போய் அந்த மாட்டைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் பேசுவேன் என்றேன். தீனி வியாபாரத்தில் சொல்லைக் கேட்டு வாங்கி நான் பட்டது போதும். உடனே அஞ்சலை ஓடிப்போய் ஒரு பலாப்பழத்தைத் தூக்கி வந்தாள். “தங்கச்சிகிட்ட குடுத்துடுங்க பாய்.” ஒரு குழந்தை கனம் இருந்தது. வேண்டாம் என்று சொல்ல வழி தெரியவில்லை.

அந்தப் பலாப்பழத்தோடு நான் பட்ட பாடு கப்பலை விட மோசம். பஸ்ஸில் மடியில் வைத்தால் வேட்டியெல்லாம் முள் குத்துகிறது, கீழே வைத்தால் உருண்டு போய் அடுத்தவர் காலில் முட்டுகிறது. முன் சீட்டில் இரண்டு மாட்டுத் தோல் வியாபாரிகள் உருதுவில் பேசிக்கொண்டு வந்தார்கள். பினாங்கில் பழகிய அரைகுறை உருது எனக்குப் போதுமாக இருந்தது. ‘தோல் மலை மாதிரி வந்து குவியுது, வாங்க ஆள் இல்லை’ என்றார் ஒருவர். ‘மழை பெய்ஞ்சா இது நின்னுடும்’ என்றார் மற்றவர். ‘நிக்கட்டுமே, இந்தத் தோலைத் தடவினா கையில எலும்பு தடம் தெரியுது, எனக்கே ஒரு மாதிரியா இருக்கு’ என்றார் முதல் ஆள்.

வடலூருக்குள் நுழையும்போது டயர் வெடித்தது. மாற்று டயர் குறிஞ்சிப்பாடியிலிருந்து வர வேண்டும் என்றார் கண்டக்டர். வெயிலில் நிற்க முடியாமல், பசித்தவர்களுக்கு எப்போதும் சோறு போடும் தருமசாலைப் பக்கம் நடந்தோம். வரிசை தெருவரைக்கும் வந்திருந்தது. பஸ்ஸில் வந்தவர்களும் நின்றோம், நானும் பலாப்பழத்தோடு நின்றேன். யாரும் யாரையும் எந்த ஊர், என்ன மதம் என்று கேட்கவில்லை. கேட்கிற தெம்பு யாருக்கும் இருந்ததாகவும் தெரியவில்லை. எனக்கு முன்னால் நின்றவர் ஒரு விவசாயி, கையில் வெறும் மாட்டுக் கயிறு. மாடு எங்கே என்று கேட்கலாமா என்று யோசித்துவிட்டு, பலாப்பழத்தை இன்னொரு தோளுக்கு மாற்றிக்கொண்டேன். கஞ்சி சூடாக, உப்புப் போட்டு, நன்றாக இருந்தது. கடலூர் மீன் குழம்பைப் பற்றிப் பெருமையாகச் சொன்னேனே, அதைவிட அந்தக் கஞ்சிதான் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

சேத்தியாத்தோப்பு, புவனகிரி என்று ஊர்ந்து, வெள்ளாற்றுப் பாலத்தைத் தாண்டும்போது கீழே ஆற்றைப் பார்த்தேன். மணலில் பள்ளம் தோண்டி ஊற்றுத் தண்ணீரைச் சிரட்டையால் மொண்டுகொண்டிருந்தார்கள். சிதம்பரம் வந்து சேர்ந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. கடைத்தெருவில் ஓர் அறை எடுத்துப் படுத்தேன். பலாப்பழம் வாசனையால் அறையை நிரப்பியது.

காலையில் பக்கத்து ஓட்டலில் காப்பி கேட்டேன். கருப்பாக வந்தது. பால் எங்கே என்றேன். “பால்காரம்மா ரெண்டு நாளா பாதிதான் ஊத்துச்சு, இன்னிக்கி வந்து பாலே இல்லன்னு சொல்லிட்டுப் போயிடுச்சு. வரக் காப்பிதான் சார்” என்றார் பரிமாறுகிறவர். தைப்பிங்கில் டின் பாலை ஊற்றிச் சமாளித்துவிடுவார்கள். இங்கே முகத்தைச் சுளித்துக்கொண்டு குடித்தேன். அந்தப் பால்காரம்மா யார் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.

கமலத்தின் வீடு புவனகிரி சாலையில், ஊர் முடிகிற இடத்தில் ஒரு தெருவில் இருந்தது. கூரையில் பாதி மொட்டை. வைக்கோல் போன இடத்தில் பனை ஓலையைச் செருகியிருந்தார்கள். அக்கா அனுப்பினாள் என்று பழத்தை நீட்டியதும் கமலம் அதை வாங்கித் தரையில் வைத்தாள். முகம் மட்டும் மாறவில்லை. “மாட்டப் பாக்க வந்தீங்களா பாய்? நேத்து வந்திருந்தாலும் ஒரு வாய் தீனி தின்னுதுன்னு சொல்லியிருப்பேன்” என்றாள்.

பசு கொல்லைப்புறத்தில் முளையில் கட்டியபடி நின்றது. செவலை. நல்ல ஜாதி. ஆனால் தலை தொங்கியிருந்தது. அசை போடவில்லை. மூக்கு நுனி ஈரமில்லாமல் வெடித்திருந்தது. சாணி ஆட்டுப் புழுக்கை மாதிரி கருப்பாக, உருண்டையாக, பளபளவென்று கிடந்தது. நான் டாக்டர் அல்ல. ஆனாலும் இத்தனை வருஷம் மாட்டுக்காரர்களோடு பழகியவனுக்கு இதைப் பார்த்தாலே மாடு உள்ளே கட்டிப்போயிருக்கிறது என்று தெரியும்.

“அந்தத் தோல் எவ்வளவு போடுகிறாய்?”

“ஒரு கைதான் பாய். காலைல அரிசி கழுவுன கழனித் தண்ணில கலந்து வைப்பேன், வச்சிட்டு ஓட்டலுக்குப் பால் எடுத்துக்கினு போயிடுவேன். ஒரு கைக்கு மேல போட்டதே இல்ல. எம் புள்ளைங்க மேல சத்தியம்.”

ஓட்டலில் குடித்த வரக் காப்பி அப்போதுதான் எனக்குப் புரிந்தது. நானே போய் மாட்டாஸ்பத்திரி டாக்டரை அழைத்து வந்தேன். சைக்கிளில் வந்தார். இளைஞர். களைத்துப் போயிருந்தார். வயிற்றைத் தட்டிப் பார்த்தார், காதை வைத்துக் கேட்டார், பிறகு தண்ணீர்த் தொட்டிக்குள் கையை விட்டு அடியில் இருந்த வண்டலை அள்ளினார். சேறு மாதிரி சிவப்பாக வந்தது. “ஒரு கைப்பிடிக்கு இவ்வளவு வண்டல் வராதும்மா” என்றார். கமலம் மறுபடியும் சத்தியம் செய்தாள். அவர் அவளை நம்பினாரா இல்லையா என்று தெரியவில்லை. விளக்கெண்ணெய் புகட்டினார், ஊசி போட்டார்.

வாசலுக்கு வந்ததும் என்னிடம் சொன்னார்: “அந்தத் துவர்ப்பு கொஞ்சமா இருந்தா மருந்துதான். கழிச்சல் நிக்கும், புழு அடங்கும், தின்னது உடம்புல ஒட்டும். ஜாஸ்தியாப் போனா தின்ன எதையும் கரைய விடாது. தோல் ஷாப்புல பச்சைத் தோலை இறுக்குறது அதுதானே. உயிரோட இருக்குற மாட்டுக்குள்ள அந்த வேலையச் செஞ்சா என்ன ஆகும்? நாளைக்கு மத்தியானம் தாண்டினா பிழைக்கும்.”

சாயங்காலம் கமலம் பலாப்பழத்தை அறுத்தாள். அவள் பிள்ளைகள் இரண்டும் சுற்றி உட்கார்ந்து அவள் கையையே பார்த்தன. ஆளுக்கு நாலு சுளை கொடுத்துவிட்டு மீதியைக் கூறு போட்டு, தெருவில் வீட்டுக்கு வீடு அனுப்பினாள். எனக்குக் கோபமே வந்தது. பிள்ளைகளுக்கு வைத்துக்கொள்ளேன் என்றேன். “அக்கா வூட்டுலேர்ந்து எது வந்தாலும் தெருவுக்குக் குடுத்துடுவேன் பாய். அந்தக் கோணி வந்தப்பக்கூட எல்லா வூட்டுக்கும் ஒரு மொறம் குடுத்தேன். ஆடு, கன்னுக்குட்டி வச்சிருக்காங்களே, கழிஞ்சா ஆவும்ல. அவுங்க கழனித் தண்ணிலதான் எம் மாடு வளருது” என்றாள். அந்தத் தெருவில் கறவை மாடு உள்ள வீட்டுத் தொட்டியில் மற்ற வீட்டுக்காரர்கள் அரிசி கழுவின தண்ணீரைக் கொண்டுவந்து ஊற்றுவார்கள். பதிலுக்கு வெள்ளிக்கிழமை மோர், கன்று போட்டால் சீம்பால். அவள் சொன்னதை நானும் கேட்டேன், அவளும் தன் வாயால்தான் சொன்னாள். இரண்டு பேருக்கும் அப்போது ஒன்றும் உறைக்கவில்லை.

மறுநாள் காலை நான் போனபோது மாடு படுத்திருந்தது. கறக்க ஒன்றுமில்லை, ஆகவே கமலம் ஓட்டலுக்குப் போகவில்லை. அந்த நேரத்தில் அவள் வீட்டில் இருந்தது எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு அன்றுதான். நாங்கள் மாட்டுக்கு அந்தப் பக்கம், ஓலைத் தட்டி நிழலில் உட்கார்ந்திருந்தோம். கொல்லைப் படலைத் திறந்துகொண்டு ஒரு பெண் இடுப்பில் பானையோடு வந்தாள். தொட்டியில் ஊற்றினாள். தண்ணீரோடு சிவப்பாகச் சருகு விழுந்து மிதந்தது. கையால் ஒரு சுற்றுக் கலக்கிவிட்டுப் போனாள். அவள் போனதும் அடுத்தவள் வந்தாள். அவள் பானையிலும் மேலே ஒரு கைப்பிடி சிவப்பு.

கமலம் எழுந்தாள். மூன்றாவதாக வந்தவள் ஒரு கிழவி. அவள் பானையைக் கமலம் தானே கையில் வாங்கிக்கொண்டாள்.

“நான் ஊத்திக்கிறேன் பெரியம்மா.”

“மாடு எப்டி இருக்குது கமலம்? வெறுந் தண்ணி எப்டி ஊத்துறது சொல்லு. தவிடு இருந்தா அதையே நாம கரைச்சிக் குடிக்கிறோம். காய்த்தோல் ஏது, காயே இல்ல. நீ குடுத்தது இருந்துச்சோ, நான் தப்பிச்சேன். உங்க மாட்டுக்கு வந்த சாமான் உங்க மாட்டுக்கே போவுது.”

“ஆமா பெரியம்மா” என்றாள் கமலம்.

வெறும் தண்ணீரை யாரும் மாட்டுக்கு ஊற்றுவதில்லையாம். பானையில் ஒரு பிடி தவிடோ, கத்தரிக்காய்க் காம்போ, ஏதாவது போட்டுத்தான் கொண்டுவருவார்கள். ஒன்றுமில்லாமல் போனால் அந்த வீட்டில் ஒன்றுமில்லை என்று தெருவுக்கே தெரிந்துவிடும். பஞ்சம் வந்து போடுவதற்கு எதுவும் இல்லாமல் அவர்கள் கூசி நின்ற நேரத்தில்தான் கமலம் வீட்டுக்கு வீடு ஒரு முறம் சிவப்புத் தோலைக் கொடுத்திருக்கிறாள். ஒவ்வொருத்தியும் ஒரு கைப்பிடிதான் போட்டாள். ஒருத்தி போட்டது இன்னொருத்திக்குத் தெரியாது.

கிழவி போன பிறகு கமலம் தொட்டியைக் கவிழ்த்தாள். தண்ணீர் சிவப்பாக மண்ணில் ஓடிச் சுவறியது. நான், “போய்ச் சொல்லிவிடும்மா. எல்லோரையும் கூப்பிட்டு விஷயத்தைச் சொல்” என்றேன்.

“என்னான்னு சொல்றது? நீங்க எல்லாரும் சேந்து எம் மாட்டக் கொன்னுட்டீங்கன்னா?” அவள் குரல் உயரவில்லை. “அந்தக் கெழவி மூணு நாளைக்கி ஒருக்கா ஒலை வைக்குது. அதோட கழனியக் கொண்டாந்து எனக்கு ஊத்துது. அதப் போயி நான் என்னான்னு சொல்லுவேன்? சொன்னா அது இன்னிக்கே கெணத்தப் பாக்கப் போயிடும்.”

மாடு உச்சிவேளைக்கு முன்பே செத்துப்போனது. கழுத்தை நீட்டி ஒரு தரம் கத்த முயன்றது, சத்தம் வரவில்லை. கமலம் அதன் வாயோரத்தைத் துடைத்துவிட்டாள். பிள்ளைகள் அழுதன. நானும் அழுதேன். வியாபாரத்துக்கு வந்தவன் அடுத்தவர் மாட்டுக்கு அழுகிறானே என்று யார் நினைத்தால் என்ன.

தெரு முழுக்க வந்து கூடியது. ஒப்பாரி வைக்காத குறைதான். அந்தக் கூட்டத்தில் எதிர் வரிசை ராசாம்பாள் நின்றிருந்தாள். தெருவில் இன்னொரு பசு அவளுடையதுதான், நிறை சினை. அவள் மூக்கைச் சிந்திக்கொண்டே, “எங்க மாடும் ரெண்டு நாளா மந்தமா நிக்கிது கமலம். அந்தத் தோல ஒரு கைக்கு ரெண்டு கையா போட்டாத்தான் சரியாவும்னு நெனைக்கிறேன்” என்றாள்.

கமலம் நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். பிறகு கூட்டத்தைப் பார்த்தாள். கிழவியைப் பார்த்தாள். என்னைப் பார்க்கவில்லை.

“போடாத அக்கா. ஒரு சிட்டிககூட போடாத. யாரும் எந்த மாட்டுக்கும் போடாதீங்க. நாந்தான் பால் ஜாஸ்தி கெடைக்கும்னு பேராச புடிச்சி நாலு கை, அஞ்சு கைன்னு அள்ளிப் போட்டுட்டேன். டாக்டரு சொல்லிட்டாரு, அதான் கொன்னுடுச்சு. நாந்தான் கொன்னேன்.”

கூட்டத்தில் யாரோ, “அடப் பாவி” என்றார்கள். மெதுவாகத்தான் சொன்னார்கள். கூட்டம் கலைந்தது. கிழவி மட்டும் நின்று, “பேராச எதுக்குடி ஒனக்கு? நாங்கதான் ஊத்துறோமே” என்று கேட்டுவிட்டுப் போனாள்.

வெயிலில் வைத்திருக்க முடியாது என்று சாயங்காலமே வண்டி கொண்டுவந்து மாட்டை எடுத்துப்போய்விட்டார்கள். நான் கிளம்பும்போது கமலம் படலுக்கு வெளியே வந்தாள். இத்தனை நேரம் பாய் என்றவள் அப்போது, “அண்ணே, இந்தத் தெருவுல யாருகிட்டயும் சொல்லிடாதீங்க. எங்க வூட்டுக்காரர்கிட்டயும்தான். அவுரு கோவக்காரரு, வூடு வூடா ஏறிடுவாரு” என்றாள். சரி என்று தலையாட்டினேன். அந்தத் தலையாட்டல் எவ்வளவு கனம் என்று அப்போது தெரியாது. பலாப்பழம் தேவலை.

மறுநாள் சனிக்கிழமை. ஊருக்குத் திரும்பியிருக்க வேண்டியவன் கால் நகராமல் தங்கிவிட்டேன். பொழுது சாயும் நேரத்தில் கமலத்தின் வீட்டுக்குப் போனேன். அவள் புருஷன் வைத்தி அப்போதுதான் வந்துகொண்டிருந்தான். தலையில் ஒரு கட்டுப் பச்சைப் புல். நெய்வேலிப் பக்கம் சுரங்கத் தண்ணீர் ஓடுகிற வாய்க்கால் ஓரத்தில் அறுத்ததாம். அவ்வளவு தூரம் லாரி ஏறி, நடந்து, அதைத் தூக்கி வந்திருக்கிறான். நேராகக் கொல்லைக்குப் போனான். முளையில் வெறும் கயிறு. கட்டை இறக்காமல் நின்றான்.

கமலம் நான் யார் என்று சொல்லிவிட்டு, தெருவில் சொன்னதையே அவனிடமும் சொன்னாள். ஒரு வார்த்தை மாறவில்லை. அவன் கை ஓங்குவான் என்று பயந்து நான் இரண்டடி முன்னால் போனேன். அவன் ஓங்கவில்லை. புல்கட்டை இறக்கி வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினான்.

“பாய், நீங்க மாட்டுத் தீனி வியாபாரம்னு இவ சொல்றா. உங்க ஊருல இதுமாதிரி நடக்குமா? ஒழவு மாட்ட வித்து வாங்குனது பாய். ஏருக்கும் மாடு இல்ல, கறக்கவும் மாடு இல்ல. எங்கேயோ கெடந்து மண்ண வெட்டுறேன், இவ ஆசக்கி அள்ளிப் போட்டுட்டு நிக்கிறா.”

உண்மையைச் சொல்லிவிடத்தான் வாயெடுத்தேன். அவனுக்குப் பின்னால் கமலம் நின்றிருந்தாள். அவள் சைகை எதுவும் காட்டவில்லை, தலையைக் கூட அசைக்கவில்லை. நான், “அல்லா பாத்துப்பான்” என்று ஏதோ உளறினேன். என் வாழ்க்கையில் இவ்வளவு உதவாத வார்த்தை நான் யாருக்கும் சொன்னதில்லை. வைத்தி புல்கட்டைத் தூக்கிக்கொண்டு போய் ராசாம்பாளின் மாட்டுக்குப் போட்டுவிட்டு வந்தான்.

ஜப்பாருக்குச் சொல்ல வேண்டியதை அறையில் உட்கார்ந்து யோசித்தேன். சரக்கில் குற்றமில்லை. அளவோடு போட்டால் மருந்து என்று டாக்டரே சொல்லிவிட்டார். மூட்டைக்கு மேல் தெளிவாக எழுதி ஒட்டி விற்கலாம். ஆனால் தைப்பிங் பால்காரர்கள் வீட்டிலும் பக்கத்து வீடு உண்டு, பக்கத்து வீட்டில் நல்ல மனசு உண்டு. அதற்கெல்லாம் எந்த மூட்டையில் எழுதி ஒட்டுவது? வேண்டாம் என்று முடிவு செய்தேன். ஜப்பார் ஒரு வருஷம் என்னோடு முகம் கொடுத்துப் பேச மாட்டார், தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸுக்கு முன்னால் விடைபெறப் போனேன். தெருவில் பெண்கள் பானைகளோடு ராசாம்பாள் வீட்டுப் பக்கம் போய்க்கொண்டிருந்தார்கள். இப்போது அந்தத் தெருவுக்கு மிச்சம் இருப்பது அந்த ஒரு மாடுதான். அது எழுந்து நின்று வைத்தி போட்ட புல்லைத் தின்றுகொண்டிருந்தது. பானைகளில் சிவப்பு இல்லை. வெறும் தண்ணீர் என்பது தெரியாமல் இருக்க ஒவ்வொருத்தியும் பானை வாயை முந்தானையால் மூடியிருந்தாள். ராசாம்பாள் தொட்டியருகே நின்று ஒவ்வொரு பானையாக வாங்கி ஊற்றினாள்.

கமலமும் ஒரு பானையோடு வந்தாள். வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்த வைத்தி, “அந்த மாட்டையாவது உசுரோட விடு” என்றான். தெருவுக்கே கேட்டது. அவள் ஒரு கணம் நின்றாள், பிறகு நடந்தாள்.

ராசாம்பாள் அவள் பானையை வாங்கினாள். உடனே ஊற்றவில்லை. கையை முழங்கைவரை உள்ளே விட்டு அடியில் துழாவினாள். விரலை வெளியே எடுத்து வெளிச்சத்தில் பார்த்தாள், முகர்ந்தாள். வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கிழவியும் பார்த்தாள். கமலம் கைகளைத் தொங்கவிட்டுக்கொண்டு, ராசாம்பாள் பார்த்து முடிக்கிறவரை நின்றாள்.

பிறகு ராசாம்பாள் தண்ணீரை ஊற்றிவிட்டுக் காலிப் பானையைக் கொடுத்தாள். கமலம் அதை இடுப்பில் வைத்துக்கொண்டு திரும்பினாள். அடுத்து நின்றது கிழவி. அவள் பானையை ராசாம்பாள் வாங்கி அப்படியே தொட்டியில் கவிழ்த்தாள்.